குறைந்த எண்

முனிர்கா, மூன்றாம் மாடி. ஏசி சொட்டும் அறை.
இன்று என் பங்குக்கு ஒரு சந்தை,
மாலை ஆறு இருபது.
வெடித்தது: டிபன் கேரியர்.
பொறுப்பேற்றோர்: எவருமில்லை.

இந்தித் தாளில் பன்னிரண்டு சாவு,
ஆங்கிலத் தாளில் பதினொன்று.
முரண்பட்டால் குறைந்த எண்ணைப் போடு என்கிறது
கையேடு, பக்கம் நாற்பது.
போட்டேன். கட்டம் பச்சையானது.

மிஞ்சியவரைக் குறிப்பில் சேர்த்தேன்:
‘கடலை வண்டிக்காரர், பீகார்.’
பெயரை அந்தத் தாளும் போடவில்லை.
சங்வான் சார் எட்டிப் பார்த்தார்,
“இரண்டாவது ஆதாரம்?”
அழித்தேன்.

மெட்ரோவில் என் பையை
எக்ஸ்ரே பெட்டி விழுங்கித் துப்புகிறது.
“டிபனா? திற.”
காலிதான் என்றபடி திறக்கிறேன்.

எலுமிச்சைச் சோற்றுக்குத் தப்பி
மூலையில் ஒட்டியிருக்கிறது
ஒரே ஒரு கடலை.

போ என்கிறார் காவலர்.
வரிசை என்னைத் தள்ளுகிறது.
மூடி சரியாகப் பொருந்தமாட்டேன் என்கிறது.