ஏழாவது பாட்டுக்கு என் பூட்ஸ்

ஜனவரியிலும் ஹீட்டரை அணைத்துவிட்டுத்தான்
ரெக்கார்டிங். அது முனகுவது
மைக்கில் விழுகிறதாம்.
டுலூத்தில், ஏரிக்கரையோரம்,
ஒரு காலத்தில் மீனை உறையவைத்த கிடங்கு.
சுவரில் இன்னும் ஹெர்ரிங் வாடை.
டெல்மார் கையுறையின் விரல்நுனிகளை வெட்டிவிட்டு
கிதார் வாசித்தான்.

வெர்னா ஹௌக்கலா
அட்டைப்பெட்டி நிறையக் காலணிகளோடு வந்தாள்.
பாட்டுக்கு ஒரு ஜோடி.
யார் என்று சொல்லமாட்டாள். மாட்டிக்கொண்டு
இரண்டு சுற்று நடப்பாள்,
அந்த நடையிலிருந்து நான் தாளத்தைப் பிடிக்க வேண்டும்.

ரப்பர் பூட்ஸ் என்றால்
இரும்புத்தாதுக் கப்பலின் சமையல்காரன்.
இருபத்தாறு பேருக்கு முட்டை பொரித்துக்கொண்டே
கேப்டனைத் திட்டுகிறான்,
கிதார் முழுக்கக் கொதிக்கிற எண்ணெய்.
பளபளக்கும் கறுப்பு ஷூவில்
நள்ளிரவு வானொலிப் போதகர்.
நன்கொடை அனுப்பும் முகவரியை
மூன்று முறை பாடுகிறார், மூன்றாம் முறை அழுகிறார்.
பனிவண்டி திருடிய பையனுக்கு
இடது காலில் மட்டும் கேன்வாஸ் ஷூ;
மற்றது ஏரிக்குள் போய்விட்டதாம்.
ஒரு நிமிடம் நாற்பது வினாடி,
என் குச்சிகள் இரண்டும் உடைந்தன.
விவாகரத்தான அன்றே
மீன்பிடிப் போட்டியில் ஜெயித்தவளுக்கு ஒரு வால்ட்ஸ்.
அதற்குச் செருப்பே இல்லை.
சிமென்ட் தரையில் வெறுங்காலோடு நின்றாள்,
பதினோரு தடவை,
கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ப்ரிட்
போதும் என்று கெஞ்சும்வரை.

"ஒரே ஆல்பமா இது," என்றான் டெல்மார்,
"இவர்களை ஒரே பேருந்தில் ஏற்றினால்
முதல் நிறுத்தத்தில் அடித்துக்கொள்வார்கள்."
"ஏற்றிப் பார்ப்போம்," என்றாள்.

பகலில் அவள் பல் மருத்துவரின் முன்னறையில்
பெயர் கூப்பிடுகிறவள். அங்கே அவளுக்கு
ஒரே குரல்தான், அதுவும் யாருடையதோ.
கூடு விட்டுக் கூடு பாய்கிறவர்கள்
பழைய உடலை எங்கே பத்திரப்படுத்துவார்கள்?
அவளுடையது, எனக்குத் தெரிந்து,
வெளியே காரின் பின்சீட்டில்,
டயர் சங்கிலிகளுக்குப் பக்கத்தில் கிடக்கும்.
இரவு மூன்று மணிக்கு அதை மாட்டிக்கொண்டு
வீட்டுக்கு ஓட்டிப் போவாள்.

செவ்வாய்க்கிழமை பெட்டி காலி.
"உன்னுடையதைக் கழற்று," என்றாள் என்னிடம்.
சிரித்தேன். டெல்மார் சிரிக்கவில்லை,
அவனுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

என் பூட்ஸில் நடந்தாள்.
கதவு வரை போனாள், கைப்பிடியைத் தொடவில்லை,
நின்றாள். திரும்பினாள். மறுபடி போனாள்.

பாட்டில் ஒருவன்
வேலை முடிந்து வந்து
தன் வீட்டுப் படிகளில் நிற்கிறான்.
ஒன்பது படி. எண்ணுகிறான்.
உள்ளே விளக்கு எரிகிறது, யாரோ தட்டு கழுவுகிறார்கள்,
சண்டை ஒன்றும் கிடையாது.
அவன் இறங்கிப் போய்
முதல் படியிலிருந்து மறுபடி எண்ணுகிறான்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.
எதிர்வீட்டு ஜன்னல் அவளுடையது என்பதை
யோசித்ததும் இல்லை.

வெறும் காலுறையில் பெடல் சில்லிட்டது.
இரண்டு முறை பிந்தினேன்.
"நீயாக வாசிக்காதே," என்றாள் மைக்கில்,
"அவன் வாசிப்பது போல் வாசி."
"அவன் முந்திவிடுவான்," என்றேன், "பயத்தில்."
"அப்படியென்றால் முந்து."

முந்தினேன். அதுதான் ரெக்கார்டில் இருக்கிறது:
அவள் வாய் திறப்பதற்கு அரை மாத்திரை முன்பே
ஓடி வந்துவிடுகிற ட்ரம்ஸ்.

திருப்பித் தந்தபோது
கயிறு வேறு முடிச்சில் இருந்தது.
அவிழ்க்காமலே காலை நுழைத்தேன்.

ஏப்ரலில், ஏரிப்பனி உடைந்த வாரம்
ஆல்பம் வந்தது. உள்ளூர்ப் பத்திரிகையில் அரைப் பக்கம்.
சமையல்காரனை மெச்சியிருந்தார்கள்,
போதகர் பயமுறுத்தினாராம்,
பையனை இன்னும் கொஞ்சம் ஓடவிட்டிருக்கலாமாம்.
ஏழாவது ஆள் மட்டும்
நம்பும்படியாக இல்லை,
சொந்த வீட்டு வாசலில் எவனாவது
இப்படி நிற்பானா என்று ஒரு வரி.

நாலாவது படியில் நின்று படித்தேன்.
எதிர் ஜன்னலில் திரை விலகியிருந்தது.
ஐந்து, என்றேன்,
கேட்கும்படியாக.