காப்பு

கொரட்டூர். மழை விட்ட ஞாயிறு.
தூண்களுக்கு நடுவே நிற்கும் வண்டி
சாவியைத் திருப்பினால்
'டக்' என்கிறது.
இன்னொரு முறை, 'டக்.'
கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும் சாட்சி மாதிரி
அதற்கு மேல் ஒன்றுமில்லை.

பேட்டரி போன மாதம்தான் மாற்றியது.
பானெட்டைத் தூக்கினால் தெரிகிறது:
மைனஸ் முனையில் வெள்ளையும் பச்சையுமாய்ப்
பூத்துக் கிடக்கிறது உப்பு.
கேபிளை அழுத்தினால்
உறைக்குள் நரநரவென்று பொடிகிறது செம்பு.

புதுப்பேட்டையில் அளந்து வாங்கினேன்,
அதே நீளம், அதே தடிமன்.
'ஒரு விரக்கடை குறைஞ்சாலும் இழுக்கும் சார்'
என்றார் கடைக்காரர்.
விலையிலும் அப்படியே.

சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டேன்.
கண்ணுக்கு ஹெல்மெட்.
கைக்குத் தமயந்தி பாத்திரம் தேய்க்கும் கையுறை,
ரோஸ் நிறம்.
இரண்டாம் மாடி ஸ்டீபன்ராஜ் எட்டிப் பார்த்து
'காருக்கும் ஹெல்மெட்டா சார்' என்று சிரித்தார்.
சிரித்த வாயோடு யோசனையும் சொன்னார்:
'ப்ளஸ்ஸ முதல்ல கழட்டுங்க.'

இல்லை.
இந்த வண்டிக்கு உடம்பு முழுக்க மைனஸ்.
கதவு, கூரை, நான் சாய்ந்து நிற்கும் தகடு.
ப்ளஸ்ஸைப் பிடித்திருக்கும் ஸ்பேனர் நழுவி
இரும்பில் எங்கே பட்டாலும்
தீபாவளி இங்கேயே.
மைனஸை முதலில் பிரித்துவிட்டால்
ப்ளஸ் தனியாள்,
சண்டைக்கு ஆள் கிடையாது.

பத்தாம் நம்பர் ஸ்பேனரை வைக்கப் போனேன்.
கையுறை விளிம்பில் மினுங்கியது
செம்புக் காப்பு.

பதினோரு வருஷம்.
பாடி மேம்பாலத்தில் லாரிக்கடியில் போன பைக்,
போகாத நான்.
ஸ்டான்லி ஆஸ்பத்திரிக் கட்டிலில்
தமயந்தி மாட்டிவிட்டது.
எந்தக் கோயில் என்று நான் கேட்கவில்லை.
குளிக்கையில், உறங்கையில்
ஒருநாளும் கழற்றியதில்லை.
இன்றைக்கு இந்த வளையம்
ப்ளஸ்ஸுக்கும் தகட்டுக்கும் பாலம் போட்டால்
மணிக்கட்டோடு பழுக்கும்.

மாடிக்குப் போய்ச் சோப்புத் தண்ணீர் கேட்டேன்.
எதற்கென்று கேட்காமல் கையைப் பார்த்தாள்.
'காப்புதானே' என்றேன்.
'காப்புதான்' என்றாள்.
ஆளுக்கொரு சொல்லைச் சொன்னோம்.

எலும்பைத் தாண்டும்போது வலித்தது.
கழன்ற இடத்தில் தோலில் ஒரு பச்சை வளையம்,
கீழே டெர்மினலில் பார்த்த அதே பச்சை.

பிறகு மைனஸ். கழற்றித் துணி சுற்றி ஒதுக்கினேன்.
அப்புறம் ப்ளஸ்.
சமையல் சோடாவைச் சுடுதண்ணீரில் கரைத்து ஊற்ற
நுரைத்தது, சீறியது, அடங்கியது.
பழைய டூத்பிரஷ்ஷில் தேய்க்கத் தேய்க்க
ஈயம் முகம் காட்டியது.
தகட்டுப் பக்கத்து போல்ட்தான்
அரைமணி நேரம் அசையவில்லை;
அதைத் திட்டியதை இங்கே எழுத முடியாது.
புதுக் கேபிள். கொஞ்சம் வாசலைன்.
ப்ளஸ் ஏறியது.
முதலில் போன மைனஸ்
கடைசியில் வந்து உட்கார்ந்தது.

ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது இன்ஜின்.
ஸ்டீபன்ராஜ் மேலிருந்து கை தட்டினார்,
அவர் சொன்னபடிதான் செய்தேன் என்று.
டேஷ்போர்டு கடிகாரம் எல்லாவற்றையும் மறந்து
ஒரு மணி என்றது.

காப்பு சமையல் மேடையில் இருக்கிறது,
உப்பு ஜாடிக்குப் பக்கத்தில்.
புளி போட்டுத் தேய்த்திருக்கிறாள்.
யாருடையதோ போலப் பளபளக்கிறது.
இரவு அதைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு
என் தட்டை வைத்தாள்.
மாட்டிக்கொள் என்று சொல்லவில்லை.
நானும் கை நீட்டவில்லை.

நாளைக்கு வண்டியை எடுத்துக்கொண்டு
பாடி மேம்பாலம் வழியாகத்தான்
போயாக வேண்டும்.