பலகை பிடிப்பவள்

மணிக்கு இருநூற்றிருபதில் வருகிறவனிடம்
என்ன சொல்லிவிட முடியும்?
எத்தனையாவது இடம்.
முன்னால் போகிறவன் எத்தனை நொடி தூரம்.
இன்னும் எத்தனை சுற்று.
கறுப்புப் பலகையில் மஞ்சள் எண்களைச் செருகி
பிட் சுவரில் வயிறு அழுந்தச் சாய்ந்து நீட்டுவேன்.
அரை நொடி பார்ப்பான்.
ஆறு வருடம் என் தம்பி சிமோவோடு
நான் பேசியது பெரும்பாலும் இவ்வளவுதான்.

அப்பாவுக்கு ஓந்தாவில் ஓடு ஆலையில் வேலை,
சூளையருகே இரவு ஷிப்ட்.
ஞாயிற்றுக்கிழமை பேரங்காடி மூடியிருக்கும்.
காலியான கார் நிறுத்துமிடத்தில்
விளிம்பு உடைந்த ஓடுகளைக் கொண்டுவந்து
வளைவு வளைவாக நட்டுவைப்பார்.
நான்கு வயதுக்காரன் அதைச் சுற்றிச் சுற்றி வருவான்.
திரும்பும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொள்வான்,
முகம் நீலம் பாயும்வரை.
நான்தான் ஓரத்தில் நின்று
விரல்களை வட்டமாக வளைத்துக் காட்டுவேன்:
வாயைத் திற. மூச்சு விடு.
பின்னாளில் பலகை வந்தபோது
அந்த வட்டம் பூஜ்யமாகிவிட்டது.
அணியில் யாரிடமும் சொன்னதில்லை.

முதல் விளம்பரம் கொடுத்தது குளியலறைச் சாமான் கடை.
வண்டியின் மூக்கில் வெள்ளையாக ஒரு கழிப்பறைத் தொட்டி.
சிரித்தவர்களை முந்தினான்.
சிரிக்காதவர்களையும்தான்.

இடது காறை எலும்பு மூன்று முறை, வலது ஒரு முறை.
ஒரு தகடு, ஆறு திருகு.
திங்கட்கிழமை அறுவை சிகிச்சை.
வியாழக்கிழமை பந்தய மருத்துவர் முன்னால்
பன்னிரண்டு தண்டால் எடுத்துக் காட்டினான்.
பதின்மூன்றாவதை அவர் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

பிறகு அஸனில் மழை.
பெரிய பெயர்களெல்லாம் சரளையில் புரண்டு கிடக்க
இவன் மட்டும் மூன்றாமிடத்தில்,
எண்ணெயில் நடக்கிறவன் போல.
இடம் 3. மீதி 2 சுற்று.
காலியாக இருந்த கட்டத்தில் பூஜ்யத்தைச் செருகினேன்.
தலைக்கவசம் அசைந்ததோ
அதன்மேல் தண்ணீர் அசைந்ததோ.
அம்மா பந்தயம் பார்ப்பதில்லை,
டிவி ஓடும்வரை இஸ்திரி போடுவாள்.
அன்று எங்கள் வீட்டில்
தரை துடைக்கும் துணிக்குக்கூட மடிப்பு விழுந்தது.

மேடை ஏறியது அந்த ஒருமுறைதான்.

அடுத்த வருடம் முன்சக்கரம் அவன் பேச்சைக் கேட்கவில்லை.
பதினெட்டு, இருபத்தொன்று, விழுந்தான், பத்தொன்பது.
தொலைவிலேயே தெரிந்துவிடும் எண்களை
ஒருவனுக்கு எதற்காகத் தூக்கிக் காட்ட வேண்டும்?
காட்டினேன்.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை
தெருவேல் பக்கம் பெட்ரோல் பங்கில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தோம்.
அணி முதலாளியின் குரல் ஸ்பீக்கரில் வந்தது:
உன்மேல் ஒரு குறையும் இல்லை.
பதினாறு வயதுப் பையன் ஒருவன் வருகிறான்,
அவன் அப்பா மூன்று லட்சம் யூரோ கொண்டுவருகிறார்.
புரிந்துகொள்வாய்.
சிமோ ஈரக் கையோடு நன்றி சொன்னான்.
வேனின் அந்தப் பக்கத்தையும் கழுவி முடித்தான்.
இருபது வயதில் பெயருக்கு முன்னால்
'முன்னாள்' ஒட்டிக்கொண்டது.

இப்போது அப்பாவின் ஆலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான்.
மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர்,
மஞ்சள் கோட்டைத் தாண்டக் கூடாது.
அப்பா இதை என்னிடம் சொல்லாமலே இருந்திருக்கலாம்:
இரண்டாம் சூளைத் திருப்பத்தில்
அவன் இடது முழங்கால் தானாக வெளியே வருகிறதாம்.

என்னை அணி அனுப்பவில்லை.
சம்பளம் குறைவு, சாப்பாடும் என்னுடையது.
புதுப் பையன் பெயர் போர்ஹா.
கெட்டவனாக இருந்திருந்தால் சௌகரியம்.
பந்தயம் முடிந்ததும் ஓடிவந்து
பலகையை வாங்கித் தானே சுமந்துபோகிறான்.

ஹெரேஸில், ஏழாவது சுற்றில்,
கடைசி வளைவிலிருந்து வரும்போது கவனித்தேன்,
தோள்கள் காதுவரை ஏறியிருந்தன.
பெட்டியில் என் கை போன இடம் எனக்கே தெரியாது.

மாலையில் கேட்டான்:
அந்தப் பூஜ்யம் என்ன?
தவறாகச் செருகிவிட்டேன் என்றேன்.