தட்டு மறையும் ஆழம்

காலை ஆறே முக்கால்.
கயிற்றில் கட்டிய தட்டை இறக்குகிறேன்.
கால்வட்டம் கறுப்பு, கால்வட்டம் வெள்ளை,
மறுபடி கறுப்பு, மறுபடி வெள்ளை.
முப்பத்தொன்றாம் சென்டிமீட்டரில்
பச்சை அதை விழுங்கிவிட்டது.
பென்சிலால் குறித்துக்கொண்டேன்.

செங்காங்கில் நான்கு புளோக்குகளுக்கு நடுவே
இந்தக் குளம்.
ஏழாம் மாடித் திருமதி லோ
படத்தோடு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார்:
சூப் மாதிரி இருக்கிறதாம்.
சூப்தான், அம்மா.
புல்வெளிக்குத் தூவிய உரம் மழையோடு இறங்குகிறது.
தூங்குமூஞ்சி மரம் இரவெல்லாம் இலை உதிர்க்கிறது.
மீன்களுக்கு ரொட்டி,
மிஞ்சிய ரொட்டிக்குக் குளத்தின் அடி.
இதில் அழுக்கென்று எதுவும் இல்லை.
எல்லாம் சாப்பாடு.
குளத்துக்கு வந்திருப்பது அஜீரணம்.

மருந்து போடலாமே என்கிறார்கள்.
போட்டிருக்கிறேன்.
மயில்துத்தம்.
பெயரைச் சொல்லும்போதே தோகை விரிகிறது.
வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம்,
காற்றே இல்லாத, வெயிலும் இல்லாத ஒரு ஜூன் வாரம்,
வாளியில் கரைத்து, படகிலிருந்து ஊற்றினேன்,
கோலத்துக்கு மாவு கரைத்தவள் கையால்.
பாசி ஒரே நாளில் செத்தது.
செத்தது எங்கே போகும்?
அடியில் படுத்து அழுகியது.
அழுகுவதற்கும் மூச்சு வேண்டும்,
அதைக் குளத்திடமே வாங்கிக்கொண்டது.

விடியற்காலை நான்கு மணிக்குத் தொலைபேசி.
விளக்கடித்துப் பார்த்தால்
நீர்மட்டம் முழுக்க வாய்கள்.
வட்டம் வட்டமாய்த் திறந்து மூடும் வாய்கள்.
சத்தமே இல்லை.
காற்றூட்டியை முடுக்கினோம், குழாயைத் திறந்தோம்,
சூரியன் வருமா என்று கிழக்கைப் பார்த்தோம்.
ஏழு மணிக்கு மொனிருலும் நானும்
வலையால் அள்ள ஆரம்பித்தோம்.
பதினொரு கறுப்புப் பைகள்.
அவன் கடைசிப் பையைக் கட்டிவிட்டு
கையை மூன்று முறை கழுவினான்.

அன்று தட்டை இறக்கினேன், வழக்கப்படி.
அடிவரை தெரிந்தது.
இந்தக் குளத்தின் ஏட்டில்
அதைவிடத் தெளிவான நாள் இல்லை.

அதற்குப் பிறகு
வேகமாக எதையும் செய்வதில்லை நான்.
நூல்பாசியை வாரியால் சுருட்டி எடுக்கிறோம்,
ஈரத் தலைமுடியைச் சீப்பில் எடுப்பதுபோல;
ஒரு ஓரம், ஒரு நாள்.
மிதவைகளில் கல்வாழையும் வெட்டிவேரும் நட்டோம்.
பாசி குடிக்க இருந்ததை
வேர்கள் முந்திக் குடிக்கின்றன.
மிதவையைத் தூக்கிப் பார்த்தால் ஒரு முழத் தாடி.

பிறகு, சுபர்மான்.
இரவு டாக்சி முடித்து ஐந்தரைக்கு வருவார்,
முழு ரொட்டிப் பாக்கெட்டோடு.
மீன் பசியோடு இருக்குமே என்பார்.
மீனுக்கு இல்லை, உங்களுக்குத்தான் பசி,
போய்ச் சாப்பிட்டுத் தூங்குங்கள் என்று
ஒருநாள் சொல்லிவிட்டேன்.
சொல்லியிருக்கக் கூடாது.
குளத்தோடு கோபித்துக்கொண்டவன் கதைதான்,
மிச்சப் பழமொழி உங்களுக்கே தெரியும்.
எட்டு நாள் ஆளைக் காணோம்.
ஒன்பதாம் நாள் வந்தார்,
கையில் ஒரே ஒரு துண்டு.
அதையும் பாதியாய்க் கிழித்து
ஒரு பாதியை என்னிடம் நீட்டினார்.
தின்றேன்.
கொஞ்சம் காய்ந்திருந்தது.

திருமதி லோவுக்குப் பதில் எழுத வேண்டும்.
நீலம் வராது, அம்மா.
தேநீர் நிறத்துக்கு வரலாம்,
அடுத்த வருடம் இந்நேரம்.
டிசம்பர் மழை எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு வந்தால்
அதுவும் தள்ளிப்போகும்.

இன்னொரு விஷயம், ஏட்டில் இருப்பது முழு அளவு இல்லை.
தட்டு மறையும் ஆழத்தைக் குறித்த பின்
மெல்ல மேலே இழுக்க வேண்டும்,
அது மறுபடி தெரியும் இடத்தையும் குறித்து
இரண்டையும் கூட்டிப் பாதியாக்க வேண்டும்.
இழுக்கிறேன்.
பச்சை, பச்சை,
பச்சைக்குள் ஏதோ வெளிறுகிறது.
இருபத்தொன்பது.