மைனஸ் எண்பத்திரண்டு

பல்லடம் தாண்டி ஒரு நூல் மில்.
நடுவே சுவர் எழுப்பிப் பாகம் பிரித்துவிட்டார்கள்
அண்ணனும் தம்பியும்.
சர்வர் மட்டும் பிரிபடவில்லை.
அது அண்ணன் ஆபீஸில்,
இருப்புக் கணக்கு தம்பி குடோனில்.

கூரைக்கு ஒன்றாக இரண்டு ஆன்டெனா.
ஒன்றையொன்று பார்க்க வைக்க வேண்டும்,
அவ்வளவுதான் என் வேலை.
காலையில் மைனஸ் ஐம்பத்தெட்டு.
பதினோரு மணிக்குக் கணவாய்க் காற்று கிளம்பி
பொழிச் சுவர் வழிவிட்டு நிற்கும் தென்னை
மட்டையை ஆட்டியதும்
மைனஸ் எண்பத்திரண்டு.
அறுந்தது, வந்தது,
அறுந்தது.

"மரம் அவனுதுங்."
"மரம் அவருதுங்."
தேங்காய் விழுந்தால் மட்டும்
இரண்டு பக்கமிருந்தும் ஆள் வருகிறது.

சேனல் மாற்றினேன்.
பவரை ஏற்றினேன்.
மரம் அதையெல்லாம் சட்டை செய்யவில்லை.

சாயங்காலம் கேட்டுக்கு எதிரே டீ குடிக்கும்போது கண்டேன்:
வேலாத்தாள் மெஸ்ஸின் தண்ணித் தொட்டி.
ஏறி நின்றால் இரண்டு கூரையும்
கைக்கெட்டும் போலத் தெரிகின்றன.

"மாட்டிக்க சாமி. கரண்டு காசு மாசாமாசம் வந்துரோணும்.
எனக்கும் ஒரு லைன் குடு,
பரோட்டா போடற பையன் ஒடிசாவுல
புள்ளை முகம் பாக்கோணுமாம்."

இப்போது அண்ணனிடமிருந்து தம்பிக்குப் போகும்
ஒவ்வொரு பேல் நம்பரும்
மெஸ் மொட்டைமாடி ஏறி
குருமா வாசத்தில் நனைந்து இறங்குகிறது.

இரவு எட்டு மணி. காற்று ஓயவில்லை.
மைனஸ் அறுபத்தொன்று.
அசையாமல் நிற்கிறது.

அண்ணன் கூப்பிட்டார், பிறகு தம்பி.
இருவருக்கும் ஒரே கேள்வி:
"பில்லு யாரு பேருக்குங்?"