நூற்று நாற்பத்தேழாம் கோடு

முதலில் அது வெறும் சோக்குக் கோடு.
பஞ்சிகாவத்தைக் கராஜின் எண்ணெய்த் தரையில்
சிற்றம்பலம் குந்தியிருந்து கீறினான்:
நீளம், இரண்டு ஆள் படுக்கும் அளவு;
உயரம், நின்றால் என் இடுப்பு.
"இது காரோ, பாடையோ?" என்றான் லயனல்,
வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு.
"ஆறு மணித்தியாலம் ஓடினால் கார்."

அந்த வருடம் நாட்டில் அந்நியச் செலாவணி இல்லை.
பிஸ்டன் கேட்டால் படிவம் கொடுத்தார்கள்.
படிவம் நிரப்பியது நான்,
கோட்டையில் ஒரு வங்கியில்
சதம் பிசகாமல் கூட்டுகிறவள் என்பதால்.
பதில் வரவேயில்லை.
என்ஜின் வந்தது, களனிப் பாலத்தில் முகம் நசுங்கிய
யாரோ ஒருவரின் சலூனிலிருந்து.
உடம்பை வார்த்தவர்கள் முகத்துவாரத்துப் படகுக்காரர்:
கண்ணாடி நார், பிசின், மிஞ்சிய நீலப் பெயின்ற்.
சூடேறினால், கடைசிவரை, அதில் மீன் மணந்தது.

விதிப்படி இரண்டாவது ஆசனம் ஒன்று வேண்டும்,
எவரும் ஏறப்போகாத ஆசனம்.
ஒரேயொரு தடவை அதில் நான் இருந்தேன்.
விடியப்புறம் நாலரை, காலிமுகத்திடல்,
மடியில் ஸ்டாப்வாட்ச்.
இரண்டு விளக்குக் கம்பங்களுக்கு இடையே
கடல் ஒரு வெள்ளைக் கீறலாகிப் போனது.
பித்தானை அமுக்க மறந்துவிட்டேன்.
மிஸ்கீன் சிரித்தான். திருப்பினான்.
எனக்காக இன்னொரு முறை ஓட்டினான்.

முதல் வருடம், இரத்மலானை ஓடுதளத்தில்,
மூன்றாம் மணியில் கியர்பெட்டி பல்லைத் துப்பியது.
இரண்டாம் வருடம் கொதித்தது;
சிற்றம்பலம் நின்ற நிலையில் இரும்பு வாளெடுத்து
மூக்கை அறுத்து வாய் வைத்தான்.
மூன்றாம் வருடம் நேர்ப்பாதை முடிவில்
பின்பக்கம் எழும்பி மிஸ்கீனைப் புல்லுக்குள் விட்டது.
வாலை ஒரு முழம் நீட்டினோம்.
பார்க்கிறவர்கள் என்ன வடிவு என்றார்கள்.
அத்தனையும் நாங்கள் தோற்ற இடங்கள்.

நாலாம் வருடம் இரவுப் போட்டி.
பத்து மணிக்குக் கொடி விழுந்தது.
தோட்டத் துரையொருவரின் இறக்குமதிப் பச்சைக் கார்
முன்னே, பின்னே, மறுபடி முன்னே.
இரண்டு மணிக்குப் பிறகு மழை.
பெற்றோமாக்ஸ் அணைந்தது.
எனக்கு மிஞ்சியது சத்தம் மட்டும்.
நீலத்தின் சத்தம்,
அல்லது தகரக் கூரையில் தண்ணீர்
நீலமாகக் கேட்டது.
கேட்டேன். காணவில்லை.
கோடு போட்டேன்.

நடுவர்களின் தாள்கள் கூழாகிவிட்டன.
காய்ந்து கிடந்தது
என் சேலைத் தலைப்புக்குள் இருந்தது மட்டும்.
பச்சை, நூற்று நாற்பத்தாறு.
நீலம், நூற்று நாற்பத்தேழு.
இவ வங்கியில் வேலை செய்யிறவ, என்றார் யாரோ.
அதோடு பேச்சு முடிந்தது.

மிஸ்கீனிடமும் கேட்டார்கள்.
"எண்ணிக்கொண்டு ஓட்ட ஏலுமா?" என்றான்.
கையைக் குலுக்க நீட்டியபோதும்
விரல்கள் ஸ்டியரிங் வட்டத்திலேயே வளைந்திருந்தன.

கிண்ணம் கொடுத்து, படம் பிடித்து,
சனம் கலைந்த பிறகு
சிற்றம்பலம் தாங்கிக்குள் அளவுகோலை விட்டான்.
துடைத்தான். மறுபடி விட்டான்.
சுற்றுக்கு எவ்வளவு பெற்றோல் என்று
அவனைவிடத் தெரிந்தவர் கொழும்பில் இல்லை.
என்னைப் பார்த்தான்.
என் தாளைக் கேட்கவில்லை.

ரப்பர்க் குழாயை வாயில் வைத்து உறிஞ்சி,
காறித் துப்பி,
மிச்சத்தைப் போத்தலொன்றில் பிடித்து
லயனலின் ஸ்கூட்டருக்குள் ஊற்றினான்
ஒரு சொட்டும் சிந்தாமல்.
"வெள்ளவத்தை மட்டும் காணும்" என்றான்.

மழை விட்டிருந்தது.
காலி வீதியில், முதல் பஸ்ஸுக்கும் முன்னால்,
ஒன்றும் அறியாமல், சீட்டியடித்துக்கொண்டு,
லயனல் அந்தச் சுற்றை
ஓட்டி முடிக்கப் போனான்.