பெறப்பட்டது

அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார் தலைமையாசிரியர்.
போன வருஷமும் அதையேதான் சொன்னார்,
அன்றைக்கும் சேரம்பாடியில் இதே மழை.

ஆறாம் வகுப்பு மாடியில்.
பத்தொன்பது படி.
ஏழாவதில் தண்ணீர் தேங்கும்,
பதினாலில் சிமெண்ட் பெயர்ந்திருக்கும்.
தர்ஷிகாவைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறவளுக்குத் தெரியாதா?
இருபத்தெட்டுக் கிலோ.
கொழுந்துச் சாக்கு இதைவிடக் கனம்,
ஆனால் சாக்குக்கு வெட்கம் கிடையாது.
இவள் பையன்கள் பார்க்கிறார்கள் என்று
என் கழுத்தில் முகத்தைப் புதைக்கிறாள்.

மெர்லின் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை,
பந்தலூர் பஸ்ஸில்,
பிளாஸ்டிக் கவருக்குள் ஃபைலோடு.
வக்கீலா? இல்லை.
டீச்சரா? இல்லை.
"உங்ககூட வர்ற ஆள்."
பிறகு என்னை விட்டுவிட்டுப் பிள்ளையிடமே கேட்டாள்,
உனக்கு எங்கே உட்காரணும்?

அவளுக்கு வார்த்தை வர நேரமாகும்.
நான் குறுக்கே வாயைத் திறந்தேன்,
மெர்லின் கையைக் காட்டி நிறுத்தினாள்.
டீ ஆறி ஆடை கட்டியது.
"ஜன்னல்... பக்கம். ரம்சீனா... கூட."
அதுதான் மனுவின் முதல் வரி.

"பள்ளிக்கூடத்தில் சொன்னதெல்லாம் வாய்வார்த்தைதானே?"
ஆமாம்.
"கொழுந்து நிறுத்துட்டுச் சீட்டு வாங்காம வருவீங்களா?"
அரைக் கிலோ குறைந்தாலே
கணக்குப்பிள்ளையோடு மல்லுக்கு நிற்கிறவள் நான்.

ராத்திரி முழுக்க லயத்து அடுப்படியில் சொல்லிப் பார்த்தேன்.
ஒவ்வொரு தடவையும்
மன்னிச்சுக்கங்க சார் என்றே ஆரம்பித்தது.
அதை வெட்டிவிடச் சொல்லியிருந்தாள்.

"முடியாதுன்னா,
முடியாதுன்னு எழுதிக் கொடுங்க சார்."

பேனா மூடியைக் கழற்றினார்.
திரும்ப மூடினார்.
மெர்லின் ஒரு சொல் பேசவில்லை.
மேஜைக்கடியில் அவள் செருப்பு
என் செருப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது.

நகலில் சீல் விழுந்தது, கொஞ்சம் கோணலாக.

ஏழு வாரம்.
நினைவூட்டல் இரண்டு.
ஊட்டிக்கு ஒரு நடை, ஒரு நாள் கூலி போச்சு.
வகுப்பு கீழே இறங்கியது,
பெஞ்சும் கரும்பலகையும் இருபத்தாறு பிள்ளைகளுமாக.

ஜன்னல் பக்கம்தான் உட்காருகிறாள்.
ரம்சீனாவுக்கு இப்போது வேறு சிநேகிதி.
அதற்கு மனு கிடையாது என்றாள் மெர்லின்,
சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

கழிவறை இன்னும் மேட்டில்.
நாலு படி.
சாயங்காலம் வரை
தண்ணீர் குடிக்காமல் இருக்கிறாள் என் மகள்,
பாட்டில் நிறைந்தபடியே வீட்டுக்கு வருகிறது.

இன்றைக்கு மெர்லினைக் கூப்பிடவில்லை.
கடையில் வெள்ளைத்தாள் வாங்கி
சீட்டுகள் வைக்கும் தகர டப்பாமேல் விரித்து
இடது ஓரத்தில் எழுதினேன்:
அனுப்புநர்,
மு. சிவபாக்கியம்.